எளிமை எண் தொண்ணூற்று நான்கு

என் மனைவிக்கு அறிவிப்புப் பலகை என்றால் பயம். பாம்பைக் கண்டால்கூட நின்று பார்ப்பாள். லிஃப்ட் வாசலில் "பயன்படுத்துவோர் கவனத்திற்கு" என்று ஒரு தகடு இருந்தால் முகம் வெளுத்துவிடும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பாள், மறுபடியும் படிப்பாள். அதற்குள் லிஃப்ட் அவளை விட்டுவிட்டு இரண்டு தடவை மேலே போய் வந்துவிடும். நான் படியேறிப் போய் மேலே காத்திருப்பேன்.

அவள் மொழியியல் பேராசிரியை. ஒரு கட்டுரையில் வாக்கியங்கள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன, படிக்கிறவனுக்கு அது எளிதா கடினமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். கல்யாணமான புதிதில், "எழுத்தைப் பெருசாக்குறது நான், எளிசாக்குறது இவ" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பேன். அவள் சிரிக்கவே மாட்டாள். பெரிய படிப்புப் படித்த திமிர் என்று நினைத்துக்கொண்டேன். அது திமிர் இல்லை, பயம் என்று தெரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

அவளுடைய அப்பா ஒரு சாய ஆலையில் தொட்டி கழுவுகிறவர். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. உள்ளே இறங்குவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று எட்டு வரிக்கு ஒரே வாக்கியம். எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்று எழுதியவருக்கே தெரிந்திருக்காது. அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். பாதி வரை படித்தார், புரிந்துவிட்டது என்று நினைத்தார், இறங்கினார். அவரைத் தூக்கி வெளியே போடும்போது மூச்சு இல்லை. அப்போது இவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், இவளுடைய தங்கை தொட்டிலில் இருந்தாள். சில வருடத்தில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். தங்கையைத் தூக்கி வளர்த்தது இவள்தான். என்னைக் கட்டிக்கொண்டு வரும்போது ஒரு பெட்டியும் ஒரு தங்கையுமாகத்தான் வந்தாள்.

ஆராய்ச்சி என்றால் ஏதோ கருவிகள், கண்ணாடிக் குழாய்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவளுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு கத்தரிக்கோல். ஏதாவது ஒரு கட்டுரையோ அறிவிப்போ எடுப்பாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனிச் சீட்டாக வெட்டுவாள். கலைத்துப் போட்டு யாரையாவது உட்காரவைத்து, "இதைப் பழையபடி அடுக்குங்க" என்பாள். நல்ல எழுத்தாக இருந்தால் யார் அடுக்கினாலும் ஒரே வரிசைதான் வரும். மோசமான எழுத்தாக இருந்தால் ஆளுக்கு ஒரு வரிசை. எங்கள் சமையலறை மேசையில் பக்கத்து வீட்டுத் தையல்காரர், எதிர் வீட்டு ஓட்டுநர், தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவர் என்று ஒருவரையும் விடமாட்டாள். எந்நேரமும் மேசையில் சீட்டும் சுற்றி நாலு பேரும் இருக்கவே, நாங்கள் வீட்டில் சூதாட்டம் நடத்துவதாகத் தெருவில் ஒரு பேச்சுக்கூட இருந்தது.

இந்த ஆட்டத்தில் யாராலும் ஜெயிக்க முடியாத ஆள் என் மச்சினி. பத்து வயதிலேயே எந்தச் சீட்டைக் கொடுத்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் அடுக்கிவிடுவாள். ஒட்டாததையும் ஒட்டவைப்பாள். இரண்டு வெவ்வேறு கட்டுரைகளின் சீட்டுகளை நான் குறும்புக்காகக் கலந்து கொடுத்தேன். நடுவில் ஓர் 'ஆனாலும்', ஓர் 'அதனால்தான்' எழுதிச் சொருகி அதையும் ஒரே கதையாக ஆக்கிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு நான் வைத்த பெயர் பசை. அக்காக்காரிக்கு மட்டும் அதில் சந்தோஷம் இல்லை. "இவகிட்ட சோதிக்கக் கூடாதுங்க. இல்லாத தொடர்ச்சியை இவளே உண்டாக்கிடறா. தாள்ல என்ன இருக்குன்னே தெரியாமப் போயிடும்" என்றாள். நான் அதை ஒரு பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்தில் அவள் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஸ்கூட்டர் நிறுத்துமிடம். அலமாரி முழுக்க பிஸ்கட் டப்பாக்கள், உள்ளே சீட்டுகள். அதிலேயே அவள் வாழ்க்கை போயிருக்கும். ஒருநாள் சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாள்கள் யாருக்கும் புரிவதில்லை, ஒரு வழி சொல்லுங்கள் என்றார். அப்பாவின் பலகையை எடுத்துப் போட ஒரு கை கிடைத்ததுபோல் இவள் பாய்ந்து பிடித்துக்கொண்டாள். அவளும் ஒரு மாணவனும் சேர்ந்து கணினியில் ஒன்று செய்தார்கள். தாளை உள்ளே போட்டால் நூறுக்கு இத்தனை என்று வரும். வாக்கியம் நீண்டால் எண் இறங்கும், குட்டையானால் ஏறும். அதற்கு எளிமை எண் என்று பெயர்.

எண்ணை மட்டும் நம்பாதீர்கள், ஒவ்வொரு தாளையும் சீட்டாக வெட்டி நாலு பேரிடம் கொடுத்துப் பாருங்கள் என்று அறிக்கையின் கடைசி அத்தியாயத்தில் எழுதியிருந்தாள். படிக்க எளிதாக எழுதுவதைப் பற்றிய அந்த அறிக்கையை யாரும் கடைசி வரை படிக்கவில்லை. துறைக்கு அந்த எண் மட்டும் பிடித்துப்போயிற்று. எண்பதுக்குக் கீழே இருந்தால் எந்தத் தாளும் அச்சுக்குப் போகக் கூடாது என்று உத்தரவே போட்டார்கள். அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அது இப்போது என் கடையில், கண்ணாடி துடைக்கும் துணிகளுக்கு மேல் பாரமாக இருக்கிறது.

பசை கல்யாணம் முடிந்து, எங்கள் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊருக்குப் போனாள். மாப்பிள்ளை கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் கடலில். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. நான் சிட்டு என்று கூப்பிடுவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை, சிட்டுதான் எல்லாம். அந்தச் சிட்டுக்கு நாலு வயதில் வலிப்பு வந்தது. இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்து, மறுபடி வந்தால் மூக்கில் அடிக்க ஒரு மருந்தும், எப்படி அடிப்பது என்று ஒரு தாளும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் மத்தியானம் என் மனைவி சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்திருந்தாள். நான் ஒரு வாத்தியாருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கைபேசியில் பசை ஒரு படம் அனுப்பியிருந்தாள். அந்தத் தாளின் படம். கீழே, "அக்கா, அடியில பாரு, உன் எண்! தொண்ணூத்து நாலு! எங்க வீட்டு ஃபிரிட்ஜ் வரைக்கும் வந்துட்ட" என்று எழுதியிருந்தாள்.

"பாருங்க" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் காட்டினாள். பிறகு வழக்கம்போல் முதல் வரியிலிருந்து படித்தாள். மறுபடி படித்தாள். சிரிப்பு போய்விட்டது. என் மேசையிலிருந்து கண்ணாடி எண் எழுதும் சீட்டுகளை உருவி, தாளில் வரிசை எண் இல்லாமல் கட்டம் கட்டமாகச் சிதறியிருந்த வாக்கியங்களை மளமளவென்று இரண்டு படியாக எழுத ஆரம்பித்தாள்.

மருந்தை மூக்கில் ஒரு முறை அடிக்கவும். ஐந்து நிமிடம் பார்க்கவும். வலிப்பு நிற்காமல் இருக்கலாம். மருத்துவமனைக்கு வரவும். இரண்டாவது முறை மருந்து தேவைப்படலாம். மூச்சு குறையலாம். மருத்துவமனையில் கொடுக்கப்படும்.

கலைத்து, வாத்தியாரிடம் ஒரு கட்டு, என்னிடம் ஒரு கட்டு கொடுத்தாள். வாத்தியார் தன் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு மாதிரி அடுக்கினார். நான் ஒரு மாதிரி அடுக்கினேன். அவருடைய வரிசையில் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு, அங்கே இரண்டாவது மருந்து கொடுத்தார்கள். என்னுடைய வரிசையில் இரண்டாவது மருந்தையும் வீட்டிலேயே கொடுத்துவிட்டு, மூச்சு குறைந்த பிறகு மருத்துவமனைக்குப் போனோம்.

"எதும்மா சரி?" என்று வாத்தியார் கேட்டார்.

"உங்களுதுதான் சார். ரெண்டாவது தடவை வீட்டுல கொடுக்கவே கூடாது. மூச்சு நின்னுடும்." சீட்டுகளைத் தட்டிக் காட்டினாள். "டாக்டர் ஒரே வாக்கியமா எழுதியிருப்பாருங்க. நீளமா இருந்திருக்கும், ஆனா எல்லாம் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கும். எண் வரலைன்னு எவனோ வெட்டியிருக்கான். நிக்காட்டி, ஏன்னா, அதனாலன்னு இருந்ததையெல்லாம் வெட்டிட்டான்."

தாளில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை.

தங்கைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். நான் வாத்தியாரை அப்படியே நாற்காலியில் விட்டுவிட்டுக் கார் சாவியை எடுத்தேன். பாவம், ஒரு கண்தான் பார்த்து முடித்திருந்தேன்.

"எதுக்குங்க அவசரம்? அவளுக்குத் தெரியும். அவ கெட்டிக்காரி" என்றாள் காரில் ஏறும்போது. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான். அவள் பசை. அவளிடம் ஒட்டாதது என்று எதுவும் கிடையாது.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. லாரியை முந்தவே மாட்டேன். அன்றைக்கு எத்தனை லாரியை முந்தினேன் என்று தெரியாது. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி, அடுத்த ஜென்மத்தில் போய்ச் சேர்ந்தால் போதும் என்கிற மாதிரி ஊர்ந்து போயிற்று. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் அவள் கைபேசியில் தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தாள்.

"என்ன பண்ற?"

"மெசேஜ் எழுதறேன். தப்பாப் புரிஞ்சுக்கக் கூடாதுல்ல? 'ரெண்டாவது தடவை அடிக்காதே'ன்னு போட்டா, முதல் தடவைக்கு அப்புறம் என்ன செய்யறதுன்னு..."

"ஐயோ, இலக்கணம் பார்க்கற நேரமாடி இது? அனுப்புடி!" என்று கத்தினேன். இத்தனை வருடத்தில் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. அனுப்பினாள். அது போய் அங்கேயே நின்றது. யாரும் பார்க்கவில்லை.

பசையின் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் வாசலில் வழக்கமான தகடு இருந்தது. என் மனைவி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே நுழைந்தாள். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

பசை கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்ததும் விரலை வாயில் வைத்தாள். "ஷ்... மெதுவா. என்ன மாமா, திடீர்னு? இப்பத்தான் தூங்கறா. போன் சத்தத்துல முழிச்சுக்குவாளேன்னு மத்தியானமே அடைச்சு வெச்சிருந்தேன்."

அவள் தோளுக்குப் பின்னால் சமையலறையும் ஃபிரிட்ஜும் தெரிந்தன. கதவில் தாள் இல்லை. சீட்டுகள் இருந்தன. அக்கா சொல்லிக்கொடுத்த மாதிரியே அழகாக வெட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியிருந்தாள். நடுநடுவே சிவப்பு மையில் அவள் கையெழுத்து. வலிப்பு நிற்காமல் இருக்கலாம், *அப்படியானால்* இரண்டாவது முறை மருந்து தேவைப்படலாம். *அதன் பிறகும்* மூச்சு குறையலாம், *குறைந்தால்* மருத்துவமனைக்கு வரவும். *மேல் சிகிச்சை* மருத்துவமனையில் கொடுக்கப்படும். எனக்கே ஒரு நிமிடம், இதுதானே சரி என்று தோன்றிவிட்டது. அவ்வளவு தெளிவாக இருந்தது.

"வலிப்பு வந்துச்சா?" என்று அக்கா கேட்டாள்.

"வந்துச்சு அக்கா, இப்பக் கொஞ்சம் முன்னாடி. முதல் தடவை அடிச்சேன், நிக்கலை. ரெண்டாவது அடிச்சதும் நின்னுடுச்சு. நான் பதறவே இல்லை தெரியுமா? உன் தாள்ல போட்டிருந்தபடியே செஞ்சேன்."

என் மனைவி அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சிட்டு கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள், ஒரு கையில் துணி முயல். என் மனைவி அவள் மூக்கடியில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருந்தது. வெகு நேரம் கழித்து நெஞ்சு ஒரு தடவை லேசாக ஏறி இறங்கியது. பிறகு அடுத்தது வரவே இல்லை.

"தூக்குங்க" என்றாள்.

மாடியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மருத்துவமனை தெருக்கோடியில் இருந்தது, புண்ணியம். பின் இருக்கையில் இவள் குழந்தையின் கன்னத்தைத் தட்டித் தட்டி, "மூச்சு விடுடி, கண்ணு, மூச்சு விடு, பெரியம்மா சொல்றேன்ல, இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பசை என் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் என்ன தப்பு பண்ணினேன்? மாமா, நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஹாரனை அழுத்திக்கொண்டே ஓட்டினேன்.

உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் மூவரும். எதிர்ச் சுவரில் கை கழுவுவதைப் பற்றி ஓர் அறிவிப்பு. அடியில் எளிமை எண் எண்பத்தெட்டு. என் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவைத் தூக்கி வெளியே போட்டபோது நின்ற அதே சின்னப் பெண்ணாக எனக்குத் தெரிந்தாள்.

தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "உன் மேல தப்பே இல்லை. அந்தத் தாள்ல ஒண்ணுமே இல்லைடி. நீ ஒட்டினது எல்லாம் நீயே போட்டது. ஒட்டாததை ஒட்டிப் பார்க்கச் சொல்லி உன்னை வளர்த்தவ நான். வெட்டச் சொல்லி அவனுங்களுக்கு எண் கொடுத்தவளும் நான்."

"அக்கா, அதெல்லாம் இப்ப எதுக்கு? அவ முழிச்சா போதும்" என்றாள் பசை.

முழித்தாள். முகமூடி வைத்துக் காற்று கொடுத்தார்கள், சாயங்காலம் கண்ணைத் திறந்தாள். திறந்ததும் முயல் எங்கே என்று அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நாங்கள் மூவரும் சேர்ந்து அழுததில், ஏதோ ஆகிவிட்டதென்று பக்கத்து நாற்காலிக்காரர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நர்ஸ் வந்தார். நல்ல மாதிரியான பெண், முகத்தில் எப்போதும் சிரிப்பு. கையில் மருந்து. கூடவே தாள். அதே தாள்.

"இதைப் பத்திரமா வெச்சுக்கோங்கம்மா. பயப்படாதீங்க, படிக்க ரொம்ப ஈஸியா இருக்கும்" என்றார்.

பசை ஓரடி பின்னால் நகர்ந்தாள். என் மனைவி கை நீட்டி வாங்கிக்கொண்டாள். "சிஸ்டர், இந்தத் தாள் இன்னும் யார்கிட்டல்லாம் இருக்கு?"

"வலிப்பு வந்த எல்லாப் பிள்ளைங்க வீட்டுலயும் இருக்கும்மா. எல்லா மருத்துவமனையிலயும் இதுதான்."

என் மனைவி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அப்பா இறங்கியது ஒரு தொட்டி. இது எத்தனை வீடு என்று அவள் நினைப்பது எனக்குக் கேட்டது. போன வாரம் யார் வீட்டில், இந்த நிமிடம் யார் வீட்டில், ஃபிரிட்ஜ் கதவில், அலமாரியில், தலையணைக்கு அடியில்?

துறை அதிகாரியிடம் போனது, தாளை நிறுத்தவைத்தது, எளிமை எண்ணை எடுத்துவிடுங்கள் என்று அவளே எழுதிக்கொடுத்தது, "மேடம், இது நீங்க கொடுத்த எண்ணாச்சே" என்று அவர் விழித்தது எல்லாம் பிறகு நடந்தவை. அதற்கெல்லாம் நாளாயிற்று. அன்றைக்கு அவள் எதற்கும் காத்திருக்கவில்லை. குழந்தைகள் வார்டுக்குள் மறுபடி நுழைந்தாள்.

முதல் கட்டிலில் ஒரு சின்ன வயதுத் தாய், மடியில் வலிப்பு வந்த ஒரு பையன். "உங்ககிட்ட இந்தத் தாள் இருக்காம்மா? கொடுங்க" என்று வாங்கி இரண்டாகக் கிழித்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாயால் சொன்னாள். "ஒரு தடவை அடிச்சதுக்கு அப்புறம் அஞ்சு நிமிஷம் பார்த்தும் நிக்கலைன்னா, உடனே இங்க தூக்கிட்டு வரணும், ஆனா எக்காரணம் கொண்டும் வீட்டுல ரெண்டாவது தடவை அடிக்கக் கூடாது, ஏன்னா மூச்சு நின்னு போயிடும், அதனாலதான் அதை டாக்டர் பக்கத்துல இருக்கும்போது மட்டும் கொடுப்பாங்க." வாழ்நாள் முழுக்க எதை எதிர்த்து மல்லுக்கு நின்றாளோ, அதே மாதிரி நீளமான வாக்கியம். "எங்க, திருப்பிச் சொல்லுங்க" என்றாள். அந்தப் பெண் திருப்பிச் சொன்னாள். ஒரு வார்த்தை பிசகவில்லை.

அடுத்த கட்டில். அதற்கடுத்தது. நர்ஸ் பின்னாலேயே ஓடிவந்து, "அம்மா, தாளையெல்லாம் கிழிக்காதீங்க, நீங்க யாரு? உங்களுக்கு என்ன அதிகாரம்?" என்று கேட்டார். சிரிப்பு போயிருந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது.

என் மனைவி கையில் கிழிந்த தாள்களோடு நின்றாள். தான் பேராசிரியை என்று சொல்லவில்லை. குழந்தையின் பெரியம்மா என்றும் சொல்லவில்லை.

"இதை எழுதினவ" என்றாள்.